ஏழாம் எண் கேசட்டின் பின்பக்கம்

1

நாளை காலை பத்து மணிக்கு எங்கள் கம்பெனி கோடவுனில் ஒரு மரப்பெட்டியைத் திறக்கப் போகிறார்கள். உள்ளே பதினாறு பழைய கேசட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஏழாம் எண் கேசட்டின் பின்பக்கத்தில் என் அம்மா பேசியிருக்கிறாள். அந்தக் குரல் இன்னும் அங்கே இருக்கிறதா, அழிந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. ஐந்து வருஷத்துக்கு மேலாகத் தெரியாது.

பெற்ற தாயின் குரலை எவனாவது கம்பெனி கோடவுனில் கொண்டுபோய் வைப்பானா என்று ஊரில் இருக்கிற நீங்கள் கேட்பீர்கள். நான் வைத்தேன். அந்தக் கூத்தை இன்று ராத்திரிக்குள் எழுதி முடித்துவிட வேண்டும். நாளைக்கு அந்தக் கேசட்டைக் கேட்டுவிட்டால் எனக்குச் சிரித்துக்கொண்டு எழுத வருமா என்பது சந்தேகம்.

அம்மா எண்பத்தைந்தில் போய்விட்டாள். தந்தி வர இரண்டு நாள். பாஸ்போர்ட் கம்பெனியின் பெட்டகத்தில். அதை எடுக்க ஒரு கையெழுத்து, நாட்டை விட்டு வெளியே போக இன்னொரு கையெழுத்து, போட வேண்டியவர் வேறு ஊரில். நான் பஹ்ரைனில் விமானம் ஏறி, மதுரை வந்து, ராஜபாளையம் வழியாகச் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அம்மாவின் போட்டோ ஒன்று உண்டு, ரேஷன் கார்டுக்கு எடுத்தது. அதில் அவள் யாரையோ திட்டப் போகிறவள் மாதிரி இருப்பாள். குரல் என்று எங்கேயும் இல்லை, அந்தக் கேசட்டைத் தவிர.

2

எண்பத்தொன்றில் நான் இங்கே, பஹ்ரைனுக்கு, வந்தது பம்ப் மெக்கானிக்காக. அதற்கு முன்னால் ஊரில் ரேடியோக் கடையில் இருந்தேன். டேப் ரிக்கார்டரைப் பிரித்துப் பூட்டுவதில் கொஞ்சம் பேர் உண்டு. தண்ணீர்ப் பம்புகளும் அவற்றின் உதிரிப்பாகங்களும் விற்கிற கம்பெனி இது. எண்பத்து மூன்றில் மேனேஜர் ஹாரிஸ் லண்டனுக்கு லீவில் போய்விட்டு, கையில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரோடு திரும்பினார். டைப்ரைட்டர் மாதிரி ஒரு பலகை, அதற்கு ஒரு டிவி. அது ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதையெல்லாம் சாதாரண டேப் ரிக்கார்டரில், நாம் பாட்டுக் கேட்கிற அதே கேசட்டில்தான் பதிய வேண்டும். கம்பெனியில் டேப் ரிக்கார்டர் தெரிந்தவன் நான் ஒருவன். ஆகவே மறுநாளிலிருந்து கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட் என்றால் அது நான்தான்.

எனக்குக் கம்ப்யூட்டரைப் பற்றித் தெரிந்தது, அதற்குப் பிளக் எங்கே மாட்டுவது என்பது மட்டும்தான். மற்றவர்களுக்கு அதுவும் தெரியாது என்பதால் என் பிழைப்பு ஓடியது. யார் கூப்பிட்டாலும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு போவேன். வயரைக் கழற்றி மறுபடி மாட்டுவேன். பாதி நோய் அதிலேயே தீர்ந்துவிடும்.

ஸ்டோர் கீப்பர் தாமஸ், கோட்டயத்துக்காரர், நல்ல மனுஷர். சொன்னதைச் சொன்னபடி செய்வார், அதுதான் அவரிடம் இருந்த ஒரே ஆபத்து. ஒரு நாள் ஏசி நின்றுபோனது. வெளியே நெருப்பாகக் கொதிக்கிற மாசம். "கம்ப்யூட்டர் சூடாகாமப் பாத்துக்கோங்க தாமஸேட்டா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால், மண்பானைக்குச் சுற்றுகிற மாதிரி ஒரு கோணிச்சாக்கை நனைத்து அதன் மேல் போர்த்தியிருந்தார். போதாக்குறைக்கு அரை மணிக்கு ஒரு தரம் கையால் தண்ணீர் தெளித்துக்கொண்டும் இருந்திருக்கிறார்.

"எங்க வீட்ல தண்ணி இப்படித்தான் ஜில்லுனு இருக்கும் சாரே" என்றார்.

மூன்று நாள் அதை மொட்டை மாடியில் காயப்போட்டோம். ஹாரிஸ் கேட்டதற்கு சர்வீஸ் நடக்கிறது என்று சொன்னேன். என் அதிர்ஷ்டம், அது பிழைத்துக்கொண்டது.

3

அந்தக் காலத்தில் இங்கிருந்து ஊருக்குக் கடுதாசி எழுதுவதைவிடக் கேசட் அனுப்புவதுதான் அதிகம். நான் ஒரு பக்கத்தில் பேசி, ஊருக்குப் போகிற ஆள் யாரிடமாவது கொடுத்துவிடுவேன். வீட்டில் எல்லாரும் கூடிக் கேட்டுவிட்டு, மறுபக்கத்தில் பதில் பேசி, அதே ஆள் திரும்பும்போது கொடுத்தனுப்புவார்கள். என் மனைவி கோமதி பேசுவாள். கைப்பிள்ளையை விட்டுவிட்டு நான் கிளம்பினேனே, அந்த மகள் உமா மழலையில் ஏதோ உளறுவாள். சித்தப்பா ஊர் மழை, பஞ்சு விலை, யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்று ஆகாசவாணி மாதிரி வாசிப்பார். அம்மா மட்டும் பேசவே மாட்டாள். இரண்டு வருஷத்தில் வந்த எட்டுக் கேசட்டில் அவள் ஒரு வார்த்தை இல்லை. தூரத்தில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்கும். அது அம்மா என்று நான் வைத்துக்கொள்வேன்.

பேசச் சொன்னால், "ஆளு இல்லாத எடத்துல உக்காந்து என்னத்தப் பேச? அவன் வரட்டும், நேர்ல பேசுதேன்" என்று எழுந்து போய்விடுவாளாம். கோமதி கேசட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

இனி என் முட்டாள்தனம். புதுக் கேசட் எதைப் பிரித்தாலும் முதலில் அதன் மேல் 'உ' போடுவேன். நாம்தான் மளிகைக் கணக்குச் சிட்டைக்கும் பிள்ளையார் சுழி போடுகிறவர்கள் ஆயிற்றே. கடிதத்துக்கு வாங்கிய கேசட்டும், கம்பெனிக்கு வாங்கிய கேசட்டும் ஒரே கடை, ஒரே பெட்டி. இரண்டின் மேலும் 'உ'. பேர் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். அன்றைக்கு மூன்று வாரம் தட்டித் தட்டி ஏற்றிய பம்ப் உதிரிப்பாகப் பட்டியல் முழுவதையும் ஒரு கேசட்டில் பதிந்து முடித்திருந்தேன். இன்னொரு கேசட்டில், ஆபீசில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, கோமதிக்குப் பேசி வைத்திருந்தேன். இரண்டும் மேஜை மேல். சாயங்காலம் புளியங்குடி இப்ராகிம் அவசரமாக வந்தான். அவன் இங்கே துணிக்கடையில் வேலை, நாற்பது நாள் லீவு, அன்று ராத்திரி பிளைட்.

"வே, டாக்ஸி நிக்கி. கேசட்டு உண்டா இல்லயா?"

'உ' போட்ட ஒன்றை எடுத்து அவன் பையில் போட்டேன்.

4

மறுநாள் காலை ஹாரிஸ் பட்டியலைப் பார்க்க வந்தார். நான் கேசட்டைப் போட்டேன். கம்ப்யூட்டர் மூச்சுவிடவில்லை. வயரைக் கழற்றி மாட்டினேன். ஊஹூம். கேசட்டில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க ஹாரிஸே ஒலியைக் கூட்டினார். என் குரல் ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

"கோமதி, நீ போன கேசட்டுல இருமுன மாதிரி இருந்துச்சு. சுக்கு தட்டிப் போட்டுக் குடி. ராத்திரி நான் உன்னத்தான் நெனச்சிக்கிட்டுப் படுக்கேன்..."

ஹாரிஸுக்குத் தமிழ் தெரியாது என்று நான் நிம்மதிப்படுவதற்குள் தாமஸ் பக்கத்தில் நின்று ஒழுங்காக மொழிபெயர்த்துவிட்டார், சுக்கு உட்பட.

ஹாரிஸ் சிரிக்கவில்லை. மூன்று வார வேலை, வேறு நகல் கிடையாது. எடுக்கவில்லை, எடுக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. "பட்டியல் திரும்பி வரும்வரை உன் லீவைப் பற்றிப் பேசாதே" என்றார். அடுத்த மாசம் லீவில் ஊர் போவதாக இருந்தேன். வீட்டில் போன் இல்லை. தபாலாபீஸ் போய்த் தந்தி கொடுத்தேன்: கேசட்டை அழிக்க வேண்டாம், பத்திரமாக வைக்கவும்.

ஊரில் நடந்ததைக் கோமதி பிற்பாடு இங்கே வந்ததும் சொன்னாள். எங்கள் ஊர்க் கோயிலின் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்களால் வீடு நிறைந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் தறியைக்கூட நிறுத்தச் சொல்லிவிட்டு பட்டனை அமுக்கியிருக்கிறார்கள். கீ என்று ஒரு ஊளை, பிறகு தகரத்தில் மணலைக் கொட்டுகிற மாதிரி ஒரு கரகரப்பு. கம்ப்யூட்டர் எழுதியதைக் காதால் கேட்டால் அப்படித்தான் இருக்கும். "டேப்பு கெட்டுப் போச்சு" என்று சித்தப்பா தீர்ப்புச் சொல்லி, அதன் மேலேயே பதில் பேசிவிடலாம் என்று கோமதி பட்டனில் கை வைக்கிற நேரம், வாசலில் தந்திக்காரர்.

நம் ஊரில் தந்தி என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். படித்துச் சொன்ன பிறகும் எழுந்திருக்கவில்லை.

"பத்திரமா வைக்கச் சொல்லி தந்தி அடிக்கான்னா, அதுல அவன் என்னமோ சொல்லியிருக்கான்" என்றாளாம்.

மறுநாள் தபசுக் காட்சி, தவமிருக்கிற அம்மனுக்குச் சாமி காட்சி கொடுக்கிற நாள். தெருவே கோயிலுக்குக் கிளம்பிப் போய்விட்டது. பிறந்து வளர்ந்த நாளாக ஒரு தபசு விடாதவள், உமாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அம்மா வீட்டில் இருந்திருக்கிறாள். காட்சி பார்த்துத் திரும்பிய கோமதி வாசலிலேயே நின்றுவிட்டாளாம். பிள்ளை தூங்குகிறது. டேப் ரிக்கார்டருக்கு முன்னால் அம்மா கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறாள், கீ என்று அது கத்திக்கொண்டிருக்கிறது.

5

நாற்பது நாள் கழித்து இப்ராகிம் திரும்பினான். விமான நிலையத்தில் அந்தக் கேசட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஊளைச் சத்தம் கேட்டதும் இவன் ரகசியச் சங்கேதம் எதையோ கடத்துகிறான் என்று இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். கடைசியில் யாரோ ஒரு பெரிய அதிகாரி கேசட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறார். அதில் ஒரு வயசான பெண் பேசுகிறாள். பாஷை புரியாவிட்டாலும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, போ என்று கையைக் காட்டினாராம்.

"உம்ம அம்மா பேசியிருக்காவ வே" என்றான் இப்ராகிம். நான் நம்பவில்லை.

பட்டியல் தப்பித்தது. தந்தி வந்ததால் கோமதி வழக்கம்போலப் பின்பக்கத்தில்தான் பதில் பதிந்திருந்தாள். ஆனால் கேசட்டைப் போட்டால் கம்ப்யூட்டர் படிக்கவில்லை. திறந்து பார்த்தேன். கேசட் டப்பாவுக்குள் அம்மா கோயில் புற்றுமண் பொட்டலம் ஒன்றைத் திணித்திருக்கிறாள். அது வழியில் அவிழ்ந்து டேப் முழுக்கக் கொட்டி, ரிக்கார்டரின் ஹெட் வரை பூசிவிட்டது. இது என்ன மண் என்று ஹாரிஸ் கேட்டார். மருந்து என்றேன். யாருக்கு என்றார். நான் ஸ்பிரிட் பாட்டிலைத் தேடப் போனேன். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, அரை மணி நேரத்தில் பட்டியல் திரையில் வந்தது. தாமஸ் கை தட்டினார்.

எல்லாருக்கும் ஒரே குஷி. பின்பக்கத்தில் என்ன இருக்கிறது, அதையும் போடு என்றார்கள். கோமதி பேசினாள், சித்தப்பா பேசினார், உமா உளறினாள். பிறகு ஒரு செருமல்.

"ஏலே சங்கரலிங்கம். அம்மா பேசுதேன். நீ சொன்னது ஒண்ணும் எனக்கு வெளங்கல. எல்லாரும் டேப்பு கெட்டுப் போச்சுன்னு எந்திச்சிப் போயிட்டாவ. நான் இருந்து முழுசும் கேட்டேன். எடையில எடையில சத்தம் நின்னு நின்னு வருது பாத்துக்க. அது நீ மூச்சு வாங்குத மாதிரி இருந்துச்சு. உனக்குத்தான் சின்னதுலேயே இழுப்பு உண்டே..."

தாமஸ் மொழிபெயர்த்தார். கம்ப்யூட்டர் ஒரு பகுதி எழுதி, சற்று நிறுத்தி, அடுத்த பகுதி எழுதும். அந்த இடைவெளியை என் மூச்சு என்று அம்மா நினைத்திருக்கிறாள் என்று அவர் சொல்லி முடித்ததும் ஆபீசே சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. ஹாரிஸ்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பட்டனை அமுக்கி நிறுத்தினேன். வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான் உண்மை. கோட்டு சூட்டுப் போட்டவர்களுக்கு முன்னால் என் அம்மா இப்படிப் பேசுகிறாளே என்று வெட்கம்.

மீதியைத் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

6

ஹாரிஸ் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக, இனி இப்படி நடக்காமல் இருக்க விதிகள் எழுதச் சொன்னார். பயத்தில் இருந்தவன், உட்கார்ந்து ஏழு விதி எழுதினேன். கேசட்டுகளுக்கு எண் போட வேண்டும். கம்பெனிக் கேசட் ஆபீசை விட்டு வெளியே போகக் கூடாது. பெருமையாக எழுதிய ஐந்தாவது விதி இது: ஒரு பக்கம் கெட்டாலும் மறுபக்கம் உதவும்படி, ஒவ்வொரு கேசட்டிலும் பட்டியலை இரண்டு பக்கமும் பதிய வேண்டும்.

அம்மாவின் கேசட்டுக்கு எண் ஏழு. அதை மட்டும் விட்டுவிடுங்கள், வெள்ளிக்கிழமை வேறு கேசட்டில் நகல் எடுத்துக்கொள்கிறேன் என்று தாமஸிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அந்த வாரம் எனக்குக் காய்ச்சல். நாலு நாள் படுத்துவிட்டேன். எழுந்து வந்தால், வேலை முடிந்தது என்று தாமஸ் மலர்ந்த முகத்தோடு நிற்கிறார்.

"ஏழாம் நம்பருமா தாமஸேட்டா?"

அவருக்கு நினைவில்லை. "பதினாறும் செய்யணும்னு உக்காந்தேன். ரெண்டு மூணு டேப் சிக்கிச்சு, அதை விட்டுட்டேன். எது எதுன்னு..." என்று தலையைச் சொறிந்தார். கேசட்டுகளை ஹாரிஸ் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஹாரிஸிடம் போய்க் கேட்டிருக்கலாம். அடுத்த வருஷம் ஊருக்குப் போய் நேரிலேயே பேசிக்கொள்ளலாம், அம்மா எங்கே போய்விடப் போகிறாள் என்று இருந்துவிட்டேன். அடுத்த வருஷம் பெரிய கம்ப்யூட்டர் வந்தது. அதைப் படிக்க வேண்டும் என்று லீவு மறுபடி தள்ளிப்போனது. கேசட்டுகளைப் பெட்டியில் அடைத்து முத்திரை வைத்துக் கோடவுனுக்கு அனுப்பினார்கள். அதற்கடுத்த வருஷம் தந்தி வந்தது.

காரியம் முடிந்து திரும்பிய பிறகு அந்தப் பெட்டிக்காக நான் எழுதாத மனு இல்லை. ஐந்து வருஷம் முடியாமல் முத்திரையை உடைக்க முடியாது என்று ஒரே பதில். அம்மா கடைசியில் என்ன பேசினாள் என்று கோமதியிடம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். "ஏதோ தபசப் பத்திச் சொன்னாவ. நான் உமா பட்டனப் புடிச்சி இழுக்காமப் பாத்துக்கிட்டு இருந்தேன். சரியா நெனவு இல்லங்க" என்பாள். கேட்டுக் கேட்டு, இப்போதெல்லாம் அவள் முகம் சுருங்குகிறது. நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

7

இது மறுநாள் எழுதுவது.

பெட்டியைத் திறந்தார்கள். எல்லாவற்றையும் அழிப்பதாக ஏற்பாடு. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள ஒரு படிவம் கொடுத்தார்கள். 'உள்ளடக்கம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றேன். அம்மா என்று எழுதினால் எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவான்? 'பம்ப் உதிரிப்பாகங்கள், பழையது' என்று எழுதினேன். அதிகாரி படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து டேப் ரிக்கார்டரில் போட்டேன். கோமதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். உமாவுக்கு இப்போது ஏழு முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு இந்தி, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், எங்களிடம் மட்டும் வாடகைக்கு எடுத்த மாதிரி ஒரு தமிழ். அவளும் ஹோம்வொர்க் நோட்டோடு வந்தாள்.

கீ என்று ஊளை வந்தது.

தாமஸ் விதியைத் தவறாமல் கடைப்பிடித்திருக்கிறார். அவரைச் சொல்லி என்ன? எழுதியது நான். கோமதியின் பேச்சு, சித்தப்பா, உமாவின் மழலை, 'ஏலே சங்கரலிங்கம்', எல்லாவற்றின் மேலும் வாஷரும் வால்வும் போய் உட்கார்ந்துவிட்டன. உமா காதைப் பொத்திக்கொண்டாள். நான் நிறுத்தப் போனேன். கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க. பட்டியலு முழுப் பக்கத்துக்கும் வராதுல்ல?"

வராது. பதினைந்து நிமிஷம்தான். எனக்கு அது தோன்றவே இல்லை, கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்டுக்கு. பதினைந்து நிமிஷமும் அந்தக் கரகரப்பைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தோம். சத்தம் பட்டென்று அறுந்தது. இரைச்சல். பிறகு பாதி வாக்கியத்திலிருந்து அம்மா வந்தாள்.

"...தபசு பாக்க நான் போவல. அடுத்த வருசம் நீ வருவேல்ல, அப்பம் ரெண்டு பேருமாப் போவோம். ஏட்டி கோமதி, இது இன்னும் ஓடுதா?"

"ஓடுது அத்தை. பேசுங்க."

"நான் பேசுதது எல்லாம் அவனுக்குக் கேக்குமா?"

"எல்லாம் கேக்கும்."

"மூக்க உறிஞ்சுதது?"

"அதுவும் கேக்கும் அத்தை."

"அப்பம் நிப்பாட்டு. பொறவு பேசுதேன்."

பட்டன் விழுகிற சத்தம். நான் அன்றைக்கு நிறுத்தாமல் இருந்திருந்தால் இதை அப்போதே கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் எந்த ஹாரிஸிடமும் சொல்லாமல் ஓடிப் போயிருப்பேன் என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பதைத் தவிர எனக்கு இப்போது வேறு வழியில்லை. கோமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உமா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆச்சியின் முகமே அவளுக்குச் சரியாக ஞாபகமில்லை.

"அப்பா, அப்புறமா என்ன பேசினாங்க?" என்று கேட்டாள்.

"இரு பாப்பா, டேப் இன்னும் ஓடுது" என்றேன்.